இரவல் தொண்டைக்கு இம்புட்டுச் சண்டையா?

இங்க வா தம்பி. இப்பிடி உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வை, அது ஓடிப் போயிராது. இரும்பு மனுசனுக்குக் குரல் மாறிப் போச்சுன்னு சோறு திங்காமக் கெடந்தவன் நீதானே? மறைக்காத. உங்க அம்மா கெணத்தடியில சொல்லிச்சு. கெணத்தடியில சொன்னது அந்தோனியார் கோயில் வாசல் வரைக்கும் போகாம நிக்குமா? வஹகோட்டையில எதைத்தான் மூடி வைக்க முடியும்?

நான் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவன். பொழப்பு இங்க கொண்டாந்து விட்டுச்சு. மொளகுக் கொடிக்கு நடுவுல ஒக்காந்து ஊர் ஒலகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன். கெழவனுக்குப் படத்தைப் பத்தி என்னா தெரியும்னு நெனைக்கிற. நெனைச்சுக்க. படம் பாக்கிற சனத்தைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும்.

2019 ஏப்ரல்ல நடந்த கூத்து அது. ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’னு ஒரு படம். அமெரிக்காக்காரன் எடுத்தது. தமிழ்ல பேச வைக்க ஆள் புடிச்சாங்க. வசனத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ். பிளாக் விடோங்கிற பொம்பளைக்கு ஆண்ட்ரியா. டோனி ஸ்டார்க்ங்கிற இரும்பு மனுசனுக்கு விஜய் சேதுபதி. டிரெய்லர் வெளிய வந்துச்சு. அன்னிக்கே ஒப்பாரி தொடங்கிருச்சு. எங்க டோனி ஸ்டார்க் இப்பிடிப் பேச மாட்டாருன்னானுங்க. பழைய குரலைக் குடுன்னானுங்க. படத்துல சேதுபதிதான் தெரியிறாரு, இரும்பு மனுசனைக் காணோம்னானுங்க. மீம் போட்டு, வீடியோ போட்டு, ஒரு மனுசனைக் கிழிகிழின்னு கிழிச்சானுங்க. படம் அப்ப வரவே இல்ல. கொழம்பு அடுப்புலயே இருக்கு, உப்பு சரியில்லைன்னு எலையை மூடிட்டானுங்க.

எனக்கு ஒண்ணு வெளங்கல. நடிச்சவரு ராபர்ட் டவுனி ஜூனியர். அவரு பேசினது இங்கிலீசு. அந்தத் தொண்டையிலேர்ந்து ஒரு தமிழ்ச் சொல்லு வந்து நான் கேட்டதில்ல. 2008ல இரும்பு மனுசனோட மொதப் படம் வந்துச்சே, தமிழ்ல நீ கேட்டதெல்லாம் இரவல் குரல்தானே? ஒரு இரவல் போயி இன்னொரு இரவல் வந்துச்சு. இதுல சொந்தம் எது, வந்தேறி எது? இரவல் புடவையில இது நல்ல கொசுவம்னு எங்க ஆத்தா சொல்லும். நீங்க அந்தக் கொசுவத்துக்குக் குறுக்க நின்னு கத்தியை எடுத்துட்டீங்க.

சரி. பழைய குரல் தங்கமான குரல்னே வச்சுக்குவோம். அந்தக் குரல்காரரு பேரு என்னா? சொல்லு. மோட்டைப் பாக்காத. சொல்லு. தெரியாது. அவருக்கு எந்த ஊரு? கலியாணம் ஆச்சா? புள்ளைக்குட்டி இருக்கா? அவருக்கு ஒரு நாளைக்கு என்னா கூலி? அதுவும் தெரியாது. அவரு வாயைத் தொறந்தப்பெல்லாம் நீ கை தட்டினது திரையில நின்ன வெள்ளைக்காரனுக்கு. அவரு வாயை மூடின பொறகுதான் அப்பிடி ஒரு மனுசன் இருந்தாருன்னே உனக்கு வெளங்குச்சு. அதுவும் பேரு தெரியாம!

எங்க காலத்துலயும் ஒரு சூப்பர் ஹீரோ இருந்தாரு. கடல் தாண்டிப் போய்த் தேட வேண்டியதில்ல. நாவலப்பிட்டியில 1917ல பொறந்தவரு. எம்.ஜி.ஆர். பறக்க மாட்டாரு. சுவத்துல ஏற மாட்டாரு. இரும்புக் கவசம் எல்லாம் கெடையாது, கையில ஒரு சவுக்கு இருந்தாப் போதும். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973ல வந்துச்சு. அதுல அவரு மின்னலோட சக்தியைப் புடிச்சு அடைக்கிற விஞ்ஞானி. ஜப்பான்ல ஒசாகா கண்காட்சி வரைக்கும் போயி எடுத்தாங்க. மின்னலைப் புடிச்சவருக்கு ஒரு முகமூடி கூட மாட்டல பாத்தியா? முகமூடி போட்டா மூஞ்சி தெரியாது. மூஞ்சி தெரியலைன்னா கேலரியில இருக்கிறவன் சல்லியைத் திருப்பிக் கேப்பான்.

அந்த மனுசனை 1967 ஜனவரி 12ந் தேதி எம்.ஆர். ராதா சுட்டாரு. கழுத்துல குண்டு. உயிர் தப்புச்சு, குரல் தப்பல. இரவல் குரல் இல்ல தம்பி, அவரு சொந்தக் குரலு. அது ஒடைஞ்சு போச்சு. சொல்லு தெளிவா வராது, நாக்குல சுத்திக்கிட்டு நிக்கும். வேற ஒருத்தரைப் பேச வச்சிருந்தா யாரு கேக்கப் போறா? வைக்கல. அந்த ஒடைஞ்ச குரலோடயே வந்து நின்னாரு. அந்த வருசமே ‘காவல்காரன்’ வந்துச்சு. சனம் என்னா செஞ்சுச்சு? பழைய குரலைக் குடுன்னு கேட்டுச்சா? டிக்கெட்டைக் கிழிச்சு வீசுச்சா? அந்தக் குரலைக் கேக்கிறதுக்குன்னே கூட்டம் போச்சு. கேட்டு அழுதுச்சு. அழுதுட்டு மறுபடியும் போச்சு. பத்து வருசம் கழிச்சு அதே குரலை முதலமைச்சர் நாற்காலியில ஒக்கார வச்சுச்சு.

எங்க ஆளுங்களை நான் ஒசத்திப் பேசுறேன்னு நெனைக்காத. எங்க கிறுக்கு வேற தினுசு. ஒரு லயத்துல பாதிக் காம்பரா எம்.ஜி.ஆர்., பாதிக் காம்பரா சிவாஜி. ஒரே பீலியில தண்ணி புடிக்க மாட்டாளுங்க. சம்பந்தம் பேசப் போன எடத்துல, மாப்பிள்ளை எந்தக் கட்சின்னு கேட்டு வெத்தலைத் தட்டைத் திருப்பி அனுப்பின கதையும் உண்டு. ஆனா ஒரு வேடிக்கை கேளு. எம்.ஜி.ஆருக்குப் பாடினது யாரு? டி.எம். சௌந்தரராஜன். சிவாஜிக்குப் பாடினது யாரு? அதே டி.எம். சௌந்தரராஜன். ரெண்டு கட்சிக்கும் ஒரே தொண்டை! எங்க ஆளு பாட்டுக்கு உங்க ஆளு பாட்டு ஒறை போடக் காணாதுன்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டாங்க. ரெண்டு பாட்டையும் பாடின மனுசன் வீட்டுல நிம்மதியா வெத்தலை போட்டிருப்பாரு. அப்ப சனம் சினிமாக் குரலை வீட்டுல இருந்தே கேட்டுச்சு தம்பி. ரேடியோ. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசினா அடுப்புல வச்ச ரொட்டி கருகும். மூஞ்சியே தெரியாத குரலுக்காகக் கருகின ரொட்டி அது. அவரு பேரு மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

நீ சொல்றதுலயும் பாதி ஞாயம் இருக்கு. பழகின குரல் பழகின குரல்தான். பொண்டாட்டி ஒரு நாள் வேற குரல்ல கூப்புட்டா நானும் திடுக்கிடுவேன். படக் கம்பனிக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. பெரிய பேரைப் போட்டா பெரிய கூட்டம் வரும்னு கணக்குப் போட்டான். பாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான், வசனத்துக்கு முருகதாஸ், குரலுக்குச் சேதுபதின்னு போஸ்டரை நெரப்பினான். தொழிலுக்குன்னு இருந்த குரல்காரரை ஓரங்கட்டினது தப்புத்தான். அதைச் சொல்லிச் சண்டை போட்டிருந்தா நானும் உன்கூட வந்து நின்னிருப்பேன். நீ போட்ட சண்டை அதுவா? உன் காதுக்கு இதமா இல்லைன்னு போட்டது. கூலிக்காரன் வயித்துக்காகப் போட்டதா எனக்குத் தெரியல.

அந்தச் சேதுபதிப் புள்ளையை நெனைச்சாப் பாவமாத்தான் இருக்கு. 2019ல குரலுக்கு ஒதை. அடுத்த வருசம் மூஞ்சிக்கு ஒதை. நம்ம கண்டிப் பக்கத்து முத்தையா முரளிதரன் கதையை ‘800’னு படம் எடுக்கப் போறோம்னாங்க. 800 விக்கெட் எடுத்தவரு இல்லியா, அதான் பேரு. நடிக்கிறது சேதுபதின்னதும் தமிழ்நாட்டுல பெரிய எதிர்ப்பு. கடைசியில முரளிதரனே, நீங்க வெலகிருங்கன்னு கேட்டு, அக்டோபர்ல அந்தப் புள்ளை வெலகிருச்சு. 2023ல மதுர் மிட்டல்னு வேற ஒருத்தர் நடிச்சு அந்தப் படம் வந்துச்சு. அதுக்குள்ள அரசியல் இருக்கு, வலி இருக்கு, அதைக் கிண்டல் பண்ற வேலை எனக்கு வேணாம். ஆனா ஒண்ணு. மலைநாட்டுல பொறந்து ஒலகத்தையே சுத்தவிட்ட ஒரு பயலைப் பத்தின படம் வந்தப்ப, நீ எத்தனை மீம் போட்ட? இரும்பு மனுசனுக்குப் போட்டதுல கால்வாசி உண்டா?

அதை விடு, நம்ம கோயில் சாமியைப் பத்தி உனக்குத் தெரியுமா? ஜூன் மாசத் திருவிழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வர்ற, தெரு ஓரத்துல மஸ்கட் வாங்கித் திங்கிற, போற. அந்தோனியாரு 1195ல லிஸ்பன்ல பொறந்தவரு. போர்த்துக்கேய மண்ணு. கண்டி ராசா காலத்துல இங்க குடியேறின போர்த்துக்கேய வம்சம்தான் இந்த ஊர்ப் பழங்குடின்னு சொல்லுவாங்க, சாமிக்கும் ஊருக்கும் அப்பிடி ஒரு சொந்தம். அவரு பெரிய பேச்சுக்காரரு. 1263ல கல்லறையைத் தொறந்து பாத்தப்ப நாக்கு மட்டும் அழியாம இருந்துச்சாம். பதுவாக் கோயில்ல இன்னிக்கும் வச்சிருக்காங்க. ரிமினி ஊர்ல மனுசங்க அவரு பேச்சைக் கேக்கலையாம். கடக்கரைக்குப் போயி மீனுங்களுக்குப் பிரசங்கம் பண்ணினாராம். மீனெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்டுச்சுன்னு கதை. லிஸ்பன்காரர் குரல் எங்களுக்குப் பழக்கமில்ல, உள்ளூர்க் குரலைக் கொண்டான்னு ஒரு மீனாச்சும் வாலை ஆட்டுச்சா?

அந்த டோனி ஸ்டார்க்குக்கும் முழுப் பேரு அந்தோனியாம். படத்தை எடுத்த அண்ணன் தம்பியில ஒருத்தரு பேரும் அந்தோனி. அந்தோனி ரூசோ, ஜோ ரூசோ. பேரைக் கேட்டதும் எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு. அப்பறம் அவங்க செஞ்ச காரியத்தைக் கேட்டேன், சிரிப்பு வந்துருச்சு. படத்தோட முடிவை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒலகத்துக்கே கடுதாசி எழுதினாங்களாம். ஹாங்காங்ல ஒருத்தன் படம் பாத்துட்டு வெளிய வந்து, வரிசையில நின்ன சனத்துக்கு முன்னால முடிவைக் கத்திச் சொல்லி ஒதை வாங்கினான்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு.

முடிவு தெரிஞ்சா படம் செத்துருமா? மாசி மாசம் தோட்டத்துக்குப் போயிப் பாரு. காமன் கூத்து. கம்பம் நட்டு, தப்பு அடிச்சு, மதனுக்கும் ரதிக்கும் கலியாணம் முடிச்சு வைப்பாங்க. முடிவு என்னா? சிவன் நெத்திக் கண்ணைத் தொறப்பாரு, மதன் எரிவான். லயத்துல தவழுற புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சே விடிய விடியப் பனியில ஒக்காந்திருப்போம். ரதி அழுவுறப்ப எங்க பொம்பளைங்களும் அழுவாங்க. போன வருசமும் அழுதாங்க, அதுக்கு முந்தின வருசமும் அழுதாங்க. அத்தோட விட்டுச்சா? எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு லாவணி பாடுவாங்க. மதன் எரிஞ்சானா, எரியலையா? கேள்வியும் பாட்டுலதான், பதிலும் பாட்டுலதான். ஒருத்தன் பாடி முடிக்கிற வரைக்கும் அடுத்தவன் வாயைத் தொறக்கப்படாது. சண்டைக்கு ஒரு தாளம் இருந்துச்சு தம்பி. உங்க சண்டையில எவன் எப்பக் கத்துறான்னே வெளங்க மாட்டேங்குது.

படத்துக்கும் அப்பிடித்தான். 1972ல இங்க அரசாங்கம் படக் கூட்டுத்தாபனம் வச்சுச்சு. வெளிநாட்டுப் படம் கொண்டாற உரிமை அதுக்கிட்ட போயிருச்சு. தமிழ்ப் படம் வர்றது சுருங்கிச்சு. மெட்ராஸ்ல ஓடி முடிஞ்சு, பாட்டு ரேடியோவுல தேஞ்சு, கதை பத்திரிகையில வந்து பழசாகி, அதுக்கப்பறம்தான் படம் மாத்தளைப் பக்கம் எட்டிப் பாக்கும். யாரு சாவா, யாரு பொழைப்பான்னு டிக்கெட் குடுக்கிறவனே சொல்லி அனுப்புவான். நாங்க பாக்காம விட்டமா?

முடிவு தெரியாமப் போனதாலதான் ஒரு தடவை பெரிய தகராறு. 1962ல டி.ஆர். ராமண்ணா ‘பாசம்’னு ஒரு படம் எடுத்தாரு. கடைசியில எம்.ஜி.ஆர். செத்துப் போவாரு. சனத்தால தாங்க முடியல. அவரு எப்பிடிச் சாவலாம்னு படத்தையே தள்ளி வச்சுருச்சு. படம் படுத்துருச்சு. அதுக்கு ஆறு வருசம் முந்தி ‘மதுரை வீரன்’லயும் அவரு செத்தாரு, அது வெள்ளி விழா கொண்டாடுச்சு. ஏன்? மதுரை வீரன் சாமி. சாமி செத்தா கோயில் கட்டுவோம், சாதாரண மனுசனா நடிச்சுட்டுச் செத்தா ஒத்துக்க மாட்டோம். இப்ப இரும்பு மனுசன் செத்ததுக்கு நீ குலுங்கிக் குலுங்கி அழுதியே, உங்க தாத்தா ‘பாசம்’ பாத்துட்டு அழுத அழுகைதான் அது. அதுல ஒரு குத்தமும் இல்ல. அழு. மூக்கைச் சிந்து. அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புறதுதான் எனக்குக் கொஞ்சம் அதிகமாத் தெரியுது. எங்க ஆளுங்க அழுதா துண்டால மூஞ்சியை மறைப்பாங்க. நீங்க வெளிச்சம் பாத்து ஒக்காந்து அழுவுறீங்க.

எண்ட்கேம் வந்தது ஏப்ரல் 26ந் தேதி. அதுக்கு அஞ்சு நாள் முந்தி ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு, கொழும்பு ஓட்டலுங்கன்னு குண்டு வெடிச்சுச்சு. 250 பேருக்கு மேல போயிட்டாங்க. அடுத்த ஞாயிறு கோயில்ல பூசை இல்ல. கர்தினால் மல்கம் ரஞ்சித் டிவியில பூசை வச்சாரு, வீட்டுல முழங்கால்ல நின்னு பாத்தோம். ராத்திரியானா ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்தையும் மாசக் கடைசி வரைக்கும் அரசாங்கம் பூட்டி வச்சுச்சு. மத்த நாட்டுல படத்தோட முடிவு காதுல விழுந்துருமோன்னு பயந்து காதைப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. இங்க கொழும்புல வேலை செய்யிற புள்ளை உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒவ்வொரு வீடும் போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ என்னா செஞ்ச? வி.பி.என்.னு ஒரு கள்ளச் சாவி போட்டுப் பூட்டைத் தொறந்து, உள்ள போயி விஜய் சேதுபதியைத் திட்டின. வேற நாளா இருந்தா உன் சாமர்த்தியத்தை மெச்சியிருப்பேன்.

போகட்டும். படம் பாக்கிற லெட்சணத்துக்கு வருவோம். எண்ட்கேம் அந்தக் கம்பனியோட பட வரிசையில இருவத்திரெண்டாவது படமாம். முந்தின இருவத்தியொண்ணையும் பாத்தாத்தான் இது வெளங்குமாம். எது மொதல்ல, எது அடுத்ததுன்னு அட்டவணை வேற. ஓ.எல். சோதனைக்கு இதுல பாதி படிச்சிருந்தா உங்க அப்பன் இன்னேரம் என்கிட்ட வந்து பொலம்பிக்கிட்டு இருப்பானா?

படம் மூணு மணி நேரம் ஒரு நிமிசம். எந்த நேரத்துல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போனா கதை விட்டுப் போகாதுன்னு சொல்றதுக்கு அமெரிக்காவுல ஒரு ஆப் இருக்காம். ரன்பீன்னு பேராம். நெசமாத்தான் சொல்றேன். ஒண்ணுக்கு முட்டுறதை ஒடம்பு சொல்லாதா, போன் வந்து சொல்லணுமா? நம்ம ஊர்ல இடைவேளைன்னு ஒண்ணு இருக்கு. எந்திரிச்சுப் போவோம், கச்சான் வாங்குவோம், ஒரு தேத்தண்ணி குடிப்போம், வில்லனை நாலு வார்த்தை ஏசிட்டு உள்ள வருவோம். இந்த வெசயத்துல வெள்ளைக்காரன் நம்மகிட்ட பாடம் படிக்கணும்.

இப்ப தியேட்டருக்குள்ள போனா எல்லாம் மரியாதைதான் போ. வாளி அளவுக்குப் பாப்கோர்ன். அதோட வெலையில எங்க வீட்டுல ஒரு வாரம் மீன் வாங்கலாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. எவனாச்சும் விசில் அடிச்சா ‘உஷ்’ங்கிறான். விசிலுக்கு ‘உஷ்’ சொன்னவன்தான் நடுப் படத்துல போனைத் தூக்கித் திரையைப் படம் புடிக்கிறான். அந்த வெளிச்சம் எங்க கண்ணைக் குத்துது, அதுக்கு யாரு ‘உஷ்’ சொல்றது? பாதிப் பேரு படம் பாக்க வரல தம்பி. பாத்துட்டேன்னு சொல்ல வர்றான். மொத நாள் மொதக் காட்சி பாத்தவன் ரெண்டாம் நாள் பாத்தவனைப் பாக்கிற பார்வை இருக்கே, பெரிய தொரை பெரட்டுல நின்னு பாத்த பார்வை தோத்துப் போயிரும்.

சென்சார்க்காரன் மட்டும் சும்மாவா? 2018ல ‘பிளாக் பாந்தர்’ படத்துல ஒருத்தன் அனுமாரு பேரைச் சொல்லுவானாம். இந்தியாவுல அந்தப் பேரை மட்டும் ஊமையாக்கி ஓட்டினாங்க. வாயி அசையும், சத்தம் வராது. சாமி பேரைச் சொன்னாப் புண்ணியம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. சொன்னாப் பாவம்னு யாரு எப்ப மாத்தினாங்களோ?

எண்ட்கேம் ஒலகம் பூரா 279 கோடி டாலர் அள்ளுச்சு. சேதுபதி குரல் வேணாம்னு கத்தினவனும் அந்தக் குரல்லயே பாத்துட்டுத்தான் வந்தான். கத்தினதும் அவங்களுக்கு வெளம்பரம், பாத்ததும் அவங்களுக்கு வரும்படி. இந்தப் பக்கம் கன்னத்துல அறைஞ்சுட்டு அந்தப் பக்கம் மொய் எழுதிட்டு வந்திருக்கான், இவனுக்குப் பேரு போராளியாம்.

இப்ப அடுத்த கூத்துக்குக் கம்பம் நட்டாச்சு. செத்துப் போன இரும்பு மனுசனா நடிச்ச அதே ராபர்ட் டவுனி ஜூனியர், ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ படத்துல டாக்டர் டூம்ங்கிற வில்லனா வர்றாராம். 2026 டிசம்பர்னு அறிவிச்சிருக்காங்க. எரிஞ்ச மதன் எந்திரிச்சு வர்றான், அதுவும் கட்சி மாறி வர்றான். தமிழ்ல யாரு குரல் குடுக்கப் போறாங்கன்னு நீ இப்பவே கூட்டாளிங்ககூடக் கச்சை கட்டுறதாக் கேள்வி. கட்டு. வாலிப வயசு, எதுக்காச்சும் கட்டத்தான் வேணும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். எண்ட்கேம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடுறப்ப, கடைசியில ஏதோ துண்டுக் காட்சி வரும்னு ஒரு பயலும் எந்திரிக்காம ஒக்காந்திருந்தீங்களாமே? காட்சி வந்துச்சா? வரல. டங்கு டங்குன்னு சுத்தியல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அம்புட்டு நேரம் சும்மா ஒக்காரத் தெரிஞ்ச உனக்கு ஒரு பேரைத் தேடிப் புடிக்கவா நேரமில்ல? போனை இப்ப நிமித்து. அந்தப் பழைய குரல்காரரு யாருன்னு தேடு. அவரு பேரைத் தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வா. தேத்தண்ணி ஊத்தி வைக்கச் சொல்றேன், குடிச்சுட்டு சண்டையைத் தொடங்குவோம்.